காஸ்தோன் பிளாந்தே

காஸ்தோன் பிளாந்தே (ஏப்ரல் 22, 1834 – மே 21, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய, நடைமுறைக்கு ஏற்ற முதல் மின்கலமான ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் இவர் உருவாக்கினார். மோட்டார் சைக்கிள், கார், வீட்டு இன்வெர்ட்டர் ஆகியவற்றில் உள்ள ஈய-அமில பேட்டரிகள் அனைத்தும் இவரது மின்கலத்தின் வழிவந்தவையே. அவற்றின் வடிவமும் பொருள்களின் தூய்மையும் பெரிதும் மாறிவிட்டன. அடிப்படை வேதிவினை மட்டும் மாறவில்லை. மின்கலத்தைக் கண்டறிந்ததோடு நில்லாமல், அதை எவ்வாறு மின்னேற்றுகிறோம் என்பதே அதன் திறனையும் ஆயுளையும் முடிவு செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்த சோதனைகளால் காட்டியதும் இவரது பங்களிப்பாகும். இரண்டாவதாகச் சொன்ன இந்தப் பங்களிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இளமை

பிளாந்தே பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலைத்தொடருக்கு அருகில் உள்ள ஓர்த்தேஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது குடும்பம் பின்னர் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. இவரது தம்பி பிரான்சிஸ் பிளாந்தே (1839–1934) பெயர்பெற்ற பியானோ இசைக்கலைஞர் ஆவார்.

1854 ஆம் ஆண்டில் பாரிசில் உள்ள கலை, தொழில் கல்விக்கான தேசிய நிறுவனத்தில் இயற்பியல் விரிவுரைகளுக்கு உதவியாளராகப் பிளாந்தே சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்மோன் பெக்கரெல். பின்னாளில் கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஆன்றி பெக்கரெலின் தந்தை இவர். விரிவுரை உதவியாளரின் பணி, மாணவர்கள் முன் காட்டப்படும் சோதனைகள் பிழையின்றி நடக்குமாறு கருவிகளை ஆயத்தம் செய்வதாகும். அக்காலத்தில் மின்னோட்டம் வேண்டுமெனில் துத்தநாகமும் அமிலமும் கொண்ட மின்கலங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பி அமைக்க வேண்டும். மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாமையின் தொல்லையை நாள்தோறும் கையால் உணர்ந்தவர் இவர் எனலாம்.

1860 இல் மக்கள் கல்விக்காகப் பாரிசில் இயங்கிய பல்தொழில்நுட்பச் சங்கத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

பறவைப் புதைபடிவம்

மின்னியலுக்குத் தொடர்பில்லாத ஒரு கண்டுபிடிப்பும் இவர் பெயரில் உண்டு. 1855 இல், தமது 21 ஆம் வயதில், பாரிசை அடுத்த மெதோன் பகுதியில் மிகப் பெரிய பறவை ஒன்றின் எலும்புப் புதைபடிவத்தை இவர் கண்டெடுத்தார். பறக்க இயலாத இப்பறவை ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்தது. இவரது முதற்பெயரை ஒட்டி இப்பறவைப் பேரினத்திற்குக் காஸ்தோர்னிஸ் என்று பெயரிடப்பட்டது. தொல்லுயிரியல் படிப்போரில் பலர், இப்பெயருக்கு உரியவரும் பேட்டரியை உருவாக்கியவரும் ஒருவரே என்பதை அறிந்திருப்பதில்லை.

இரண்டாம்நிலை மின்கலம்

1800 இல் வோல்ட்டா அமைத்த மின்கல அடுக்கும் அதன் பின்வந்த டேனியல், புன்சன் மின்கலங்களும் முதல்நிலை மின்கலங்கள் எனப்படுகின்றன. இவற்றில் உள்ள துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் மின்னோட்டமும் தீர்ந்துவிடும்.

அமிலநீரில் இரு உலோகத் தகடுகளை அமிழ்த்தி, அவற்றின் வழியே சிறிது நேரம் மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு நிறுத்தினால், அத்தகடுகள் தாமே எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டத்தைத் தரும். செருமானிய அறிஞர் ரிட்டர் 1803 இலேயே இதைக் கண்டிருந்தார். ஆயினும் இந்த எதிர் மின்னோட்டம் மின்கலங்களின் ஆற்றலைக் குறைக்கும் ஒரு தொல்லையாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது. அதை ஒழிக்கவே பலரும் முயன்றனர்.

பிளாந்தே அதை வளர்க்க முயன்றார். செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஈயம், தங்கம், பிளாட்டினம் எனப் பல உலோகங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் தரும் எதிர் மின்னோட்டத்தின் அளவையும் அது நீடிக்கும் நேரத்தையும் ஒப்பிட்டார். நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்திய ஈயத்தகடுகளே ஏனைய அனைத்தையும் விட வலிமையான மின்னோட்டத்தை நெடுநேரம் தந்தன. செருமானிய மருத்துவரும் இயற்பியலாளருமான சின்ஸ்டேடன் 1854 இல் ஈயத்தகடுகளின் இப்பண்பைக் கண்டிருந்தமையால், முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி சில நூல்களில் எழுப்பப்படுகிறது. தனித்த ஒரு நோக்காக இருந்ததைப் பயன்படக்கூடிய ஒரு கருவியாக்கியவர் பிளாந்தே என்பதில் ஐயமில்லை.

அவர் அமைத்த மின்கலம் எளிமையானது. இரண்டு நீண்ட ஈயத்தகடுகள். அவை ஒன்றையொன்று தொடாதவாறு இடையே முரட்டுத்துணி. இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி, பத்தில் ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தார். துணி அமிலத்தில் அரிக்கப்பட்டதால் பின்னர் இரப்பர் பட்டைகளைப் பயன்படுத்தினார். தகட்டைச் சுருட்டியதால் சிறிய குடுவைக்குள் பெரிய பரப்பு கிடைத்தது. அதனால் மின்கலத்தின் உள்தடை குறைந்து, பெரும் மின்னோட்டம் பாய முடிந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி தன் சிறிய உருவத்திற்குள் இருந்து தொடக்க மோட்டாரைச் சுழற்றும் அளவு மின்னோட்டத்தைத் தருவதற்கும் இதுவே காரணம்.

1860 மார்ச் 26 அன்று இத்தகைய ஒன்பது மின்கலங்களைக் கொண்ட அடுக்கு ஒன்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். ஈய-அமில மின்கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட்டு. 12 வோல்ட்டு மோட்டார் சைக்கிள் பேட்டரியில் இருப்பவை ஆறு மின்கலங்கள். பிளாந்தேயின் மேசைமேல் இருந்தவை அதைவிட மூன்று கூடுதல்.

மின்கலத்தைப் பக்குவப்படுத்தல்

புதிதாகச் சுருட்டிய ஈயத்தகடுகளை ஒருமுறை மின்னேற்றினால் மிகச் சிறிதளவு மின்சாரமே திரும்பக் கிடைத்தது. வேறொருவராயின் இங்கேயே கைவிட்டிருக்கக்கூடும். பிளாந்தே அதே தகடுகளை மீண்டும் ஏற்றி, இறக்கி, பிறகு திசையை மாற்றி ஏற்றி, மறுபடியும் இறக்கிப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவு கூடியது. சுற்றுகளுக்கு இடையே தகடுகளுக்கு ஓய்வு தந்தால் இன்னும் கூடியது. அந்த ஓய்வை முதலில் மணிக்கணக்கிலும் பின்னர் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீட்டினார். ஒரு மின்கலம் முழுமையாகப் பக்குவமடையப் பல மாதங்கள் ஆயின.

இதன் விளக்கம் பின்வருமாறு. மின்னேற்றும்போது நேர்த்தகட்டின் மேற்பரப்பு பழுப்பு நிறமுள்ள ஈய ஈராக்சைடாகவும், எதிர்த்தகட்டின் மேற்பரப்பு பஞ்சு போன்ற நுண்துளைகள் கொண்ட ஈயமாகவும் மாறுகின்றன. மின்னிறக்கத்தின்போது இரண்டும் ஈய சல்பேட்டாகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. இம்மாற்றம் திரும்பத் திரும்ப நிகழும்போது, வழவழப்பான தகட்டின் உள்ளே மேலும் மேலும் ஆழத்திற்கு வினை பரவுகிறது. வினைபடும் பரப்பு பெருகுவதால் கொள்ளளவு கூடுகிறது. 1882 இல், தகடுகளை முதலில் நீர்த்த நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்தால் இக்காலத்தைப் பெரிதும் குறைக்கலாம் என்றும் பிளாந்தே கண்டறிந்தார்.

மின்னேற்ற மூலம் இல்லாத ஆண்டுகள்

இவ்வளவு பயனுள்ள கருவி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆய்வகத்தை விட்டு அதிகம் வெளிவரவில்லை. மின்கலம் இருந்தது, அதற்கேற்ற மின்னேற்றி இல்லை என்பதே முதன்மையான காரணமாகும்.

பிளாந்தே தம் மின்கலங்களை இரண்டு புன்சன் மின்கலங்களைக் கொண்டு மின்னேற்றினார். ஒன்று போதாதா என்ற கேள்வி எழலாம். ஒரு புன்சன் மின்கலத்தின் அழுத்தம் சுமார் 1.9 வோல்ட்டு. ஏற்றப்படும் ஈய மின்கலமோ 2 வோல்ட்டுக்கும் மேல் எதிர்த்து நிற்கிறது. மேட்டுநிலத் தொட்டியில் நீர் நிரப்ப வேண்டுமானால் அதைவிட உயரமான இடத்திலிருந்தே நீர் வர வேண்டும் அல்லவா? அதுபோல மின்னேற்றியின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும்.

புன்சன் மின்கலம் துத்தநாகத்தைத் தின்று, நச்சுப்புகையையும் வெளியிடுவது. ஒரு மின்கலத்தைத் தீர்த்து மற்றொன்றை நிரப்புவதில் பொருளாதார லாபம் ஏதுமில்லை. மெல்லிய மின்னோட்டத்தை நீண்ட நேரம் சேர்த்து வைத்து, தேவைப்படும்போது சில நிமிடங்களுக்குப் பெரும் மின்னோட்டமாகப் பெறலாம் என்பதே அன்றிருந்த ஒரே நன்மை. பிளாட்டினக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அறுவை மருத்துவத்தில் பயன்படுத்துவது போன்ற பணிகளுக்கு அது உதவியது.

1871 இல் செனோப் கிராம் என்பவர் தொடர் நேர்மின்னோட்டம் தரும் டைனமோவைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் காட்டிய பின் நிலைமை மாறத் தொடங்கியது. பிளாந்தே தம் மின்கலத்தைக் கிராமின் கைச்சுழற்சி இயந்திரத்துடன் இணைத்து மின்னேற்றினார். கைப்பிடியைச் சுழற்றுவதை நிறுத்தியபோது இயந்திரம் நிற்கவில்லை. மின்கலத்தில் சேர்ந்த மின்சாரம் திரும்பப் பாய்ந்து, அதே திசையில் இயந்திரத்தைத் தானே சுழற்றியது. டைனமோவே மோட்டாராகவும் இயங்கும் என்பதற்கு இது அழகான சான்று. மின்னேற்றும் மூலம் நின்றவுடன் பேட்டரி அதனுள்ளேயே இறங்கத் தொடங்கிவிடும் என்பதற்கும் இதுவே சான்று. மோட்டார் சைக்கிளின் ஆல்ட்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே இருக்கும் டையோடுகள், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவதுடன் இந்தத் திரும்பு பாய்ச்சலையும் தடுக்கின்றன.

1881 இல் கமீய் ஃபோர், ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையை அறிமுகப்படுத்தினார். மாதக்கணக்கான பக்குவம் சில நாள் வேலையாகச் சுருங்கியது; கொள்ளளவும் கூடியது. அவ்வாண்டிலேயே ஃபோரின் மின்னேற்றிய மின்கலங்கள் பாரிசிலிருந்து கிளாஸ்கோவுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சனிடம் கொண்டு செல்லப்பட்டன. பெட்டியில் அடைத்த மின்சாரம் கடல் கடந்து வந்தது என்று அக்காலத்தில் அது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மின்னேற்றிப் பயன்படுத்தும் மின்கலங்களால் ஓடும் மூன்று சக்கர வண்டியைப் பாரிசில் ஓட்டிக்காட்டினார். 1899 இல் கமீய் செனாட்சி ஓட்டிய மின்வண்டி, ஈய-அமில மின்கலங்களின் ஆற்றலால் மணிக்கு 105.88 கி.மீ. வேகத்தை எட்டியது. சாலை வண்டி ஒன்று 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதைக் காணப் பிளாந்தே உயிருடன் இல்லை.

உயர் அழுத்த ஆய்வுகள்

தம் மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்வதைவிட, அதைக் கருவியாகக் கொண்டு இயற்கையை ஆராய்வதிலேயே பிளாந்தேயின் நாட்டம் இருந்தது. பல மின்கலங்களைப் பக்க இணைப்பில் வைத்து இரண்டு புன்சன் மின்கலங்களால் ஏற்றி, பின்னர் ஒரு மாற்றியைத் திருப்பி அனைத்தையும் தொடர் இணைப்பில் இறக்கும் முறையை வகுத்தார். இவ்வாறு 800 மின்கலங்கள் வரை இணைத்துச் சோதனை செய்தார். அதே கருத்தை மின்தேக்கிகளுக்கு விரிவாக்கி, அபிரகத் தகடுகளால் ஆன மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் ஏற்றித் தொடரில் இறக்கும் சுழல் இயந்திரம் ஒன்றை 1877 இல் அமைத்தார். பின்னாளில் உயர் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கப் பயன்பட்ட மார்க்சு மின்னாக்கியின் முன்னோடி இது.

இக்கருவிகளால் நீரின் மேற்பரப்பில் ஒளிரும் சிறு கோளங்களை உண்டாக்கி, அவற்றை உருண்டை மின்னலோடு ஒப்பிட்டார். ஆலங்கட்டி மழை, துருவ ஒளி ஆகியவற்றுக்கும் மின்னியல் விளக்கம் தேடினார். இவ்விளக்கங்களில் பெரும்பாலானவை பின்னர் நிலைக்கவில்லை. சோதனைகளின் நுணுக்கம் மட்டும் இன்றும் பாராட்டத்தக்கது. மின்னியல் பற்றிய தம் ஆய்வுகளை 1879 இல் நூலாக வெளியிட்டார். வளிமண்டல மின் நிகழ்வுகள் பற்றிய நூல் 1888 இல் வந்தது.

மோட்டார் சைக்கிள் பேட்டரியும் மின்னேற்றியும்

பிளாந்தே கையாண்ட வேதிவினையே தொடர்வதால், அவரது சோதனைகளில் வெளிப்பட்ட இயல்புகள் வீட்டில் பயன்படுத்தும் மின்னேற்றிகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முதலாவது, அழுத்தம். முழுமையாக ஏறிய 12 வோல்ட்டு பேட்டரி, சில மணிநேர ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ 12.7 வோல்ட்டு காட்டும். 12.2 வோல்ட்டு எனில் பாதியளவே மீதம். இதை ஏற்ற மின்னேற்றி சுமார் 14.4 வோல்ட்டு தர வேண்டும். அதற்கு வெகுவாக மேலே போனால் நீர் பகுக்கப்பட்டு ஐதரசனும் ஆக்சிசனும் வெளிவரும்; தகடும் அரிக்கப்படும். பழைய வண்டிகள் சிலவற்றில் மூன்று மின்கலங்கள் கொண்ட 6 வோல்ட்டு பேட்டரி இருக்கும். அதற்குரிய மின்னேற்றி வேறு. வாங்குமுன் பேட்டரியின் மேல் எழுதியுள்ளதைப் படித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, மின்னோட்டம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 5 ஆம்ப்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்ப்பியர். கார்களுக்கான 8 அல்லது 10 ஆம்ப்பியர் மின்னேற்றியை இச்சிறு பேட்டரியில் இணைப்பது, கைக்குழந்தைக்குப் பந்தி பரிமாறுவது போன்றது. பேட்டரி சூடாகும், தகடுகள் வளையும். கடைகளில் பல பேட்டரிகளைத் தொடராகக் கோத்து ஏற்றுவது உண்டு. தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டமே பாயும் என்பதால், பெரிய பேட்டரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள் பேட்டரியே அதிகம் அடிபடும். விரைவாக ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களில் எத்தனை ஆம்ப்பியர் என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, ஓய்வு. பிளாந்தே தம் தகடுகளுக்குத் தந்த ஓய்வு அவற்றைப் பக்குவப்படுத்தியது. பக்குவமான பேட்டரியை இறங்கிய நிலையில் ஓய்வாக விடுவதோ அதைக் கெடுக்கிறது. ஈய சல்பேட்டின் நுண்படிகங்கள் நாளடைவில் பெரிதாகி, மின்னேற்றத்தால் எளிதில் கரையாதவை ஆகின்றன. வெப்பமான ஊர்களில் பேட்டரி தானே இறங்கும் வேகமும் அதிகம். எனவே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்போருக்கு, முழுமையாக ஏறிய பின் அழுத்தத்தைச் சுமார் 13.5 வோல்ட்டுக்குத் தானே குறைத்துக்கொள்ளும் தானியங்கி மின்னேற்றி ஏற்றது. அளவின்றித் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கும் எளிய மின்மாற்றி வகையை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. மிகவும் இறங்கிப்போன பேட்டரியைச் சில தானியங்கி மின்னேற்றிகள் பேட்டரி என்றே உணர்வதில்லை. அதைக் கொண்டு மின்னேற்றி பழுது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பயன்படுத்தும்போது, பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைப்பது பாதுகாப்பானது. முதலில் நேர்முனை, பின்னர் எதிர்முனை, அதன் பிறகே வீட்டு மின்சாரம். கழற்றும்போது மின்சாரத்தை முதலில் நிறுத்த வேண்டும். வெளிவரும் ஐதரசனுக்கு ஒரு சிறு தீப்பொறி போதும். நீர் ஊற்றும் வகை பேட்டரியில் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் இட்டு ஏற்றி, ஏறிய பின் குறியீடு வரை நிரப்பலாம். ஆவியாகிப் போவது நீரே என்பதால் அமிலம் சேர்க்கக் கூடாது. மூடிய வகை பேட்டரிக்கு அழுத்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம், இழந்த நீரை அதில் திரும்ப ஊற்ற வழியில்லை. லித்தியம் வகை பேட்டரி பிளாந்தேயின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சல்பேட்டை நீக்கும் துடிப்புகள் தரும் ஈய-அமில மின்னேற்றியை அதில் இணைக்கலாகாது.

இறுதிக்காலமும் நினைவும்

பிளாந்தே 1889 மே 21 அன்று, தமது 55 ஆம் வயதில் மெதோனில் காலமானார். இளமையில் பறவையின் எலும்பைக் கண்டெடுத்ததும் இதே ஊரில்தான்.

பிரெஞ்சு அறிவியல் கழகம் மின்னியல் ஆய்வுகளுக்காக வழங்கிய பரிசு ஒன்று இவரது பெயரைத் தாங்கியது. நிலவின் மறுபக்கத்தில் கீலர் என்னும் பெருங்குழிக்குள் அமைந்த சிறு குழி ஒன்றுக்கும் இவர் பெயர் இடப்பட்டுள்ளது. ஃபோரின் பூச்சுத் தகடுகளே வண்டிகளில் நிலைபெற்றுவிட்ட போதிலும், தூய ஈயத்தைப் பக்குவப்படுத்திச் செய்யும் தகடுகள் பிளாந்தே வகை என்ற பெயருடன் மின் நிலையங்களின் அவசரகாலப் பேட்டரிகளில் தொடர்ந்து பயன்பட்டு வந்துள்ளன. அவை முறையாக மின்னேற்றி வைக்கப்பட்டால் இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கக் கூடியவை.